ஐஸ் பெட்டியில் வந்த ரத்தம்

செகந்திராபாத் நிலையத்தில் இறங்கியதும் காதில் விழுந்த முதல் செய்தி, நாளை மறுநாள் பந்த் என்பது. என்னிடம் யாரும் சொல்லவில்லை. பிளாட்பாரத்தில் டீ விற்றவரிடம் ஒரு போர்ட்டர் தெலுங்கில் சொன்னார்: "வியாழக்கிழமைக்குப் பாலை முன்னாடியே வாங்கி வச்சுக்கோ."

"தனி மாநிலம் வந்துட்டா பால் சும்மா கொடுப்பானா?" என்றார் டீக்காரர்.

"பால் கொடுக்க மாட்டான். பந்த் நடத்த மாட்டான். அது போதாதா?"

நான் வந்தது ஒரு கட்டுரைக்காக. நோய் எதிர்ப்புச் சக்தி என்று தலைப்புப் போட்டால் எங்கள் வார இதழின் வாசகர்கள் கஷாயச் செய்முறை கேட்டுக் கடிதம் எழுதுவார்கள். "இந்தத் தடவை கஷாயம் வேண்டாம், செல்லைப் பத்தி எழுது" என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். ஹைதராபாத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் நஸீமா, என் தங்கையோடு பாளையங்கோட்டையில் படித்தவள். ஒரு சோதனையை ஆரம்பம் முதல் முடிவு வரை பக்கத்தில் இருந்து பார்க்கலாம் என்றாள். தங்குவதும் அவள் வீட்டில்தான்.

வீடு குகட்பள்ளியில், ஹவுசிங் போர்டு காலனியில் இரண்டாவது மாடி. தெருவில் பாதி வீடுகளின் மாடியில் பெண்கள் விடுதி, கீழே சாஃப்ட்வேர் கற்றுத்தரும் வகுப்பு, அதற்கும் கீழே மிளகாய் பஜ்ஜி வண்டி. சென்னை பஜ்ஜி மிளகாய் பெயருக்குத்தான் மிளகாய். இங்கே அதை நடுவில் கீறிப் புளி தடவிப் பொரிக்கிறார்கள். முதல் கடியில் காது அடைத்தது.

நஸீமாவின் கணவர் ரியாஸ் ஹைடெக் சிட்டியில் வேலை பார்க்கிறார். பெண் யாஸ்மினுக்கு ஏழு வயது. தாய் தமிழில் கேட்பதற்கெல்லாம் தெலுங்கில் பதில் சொன்னாள். "அத்தைக்கு டீ வேணுமான்னு கேளு" என்றால், என்னைப் பார்க்காமல் தாயிடமே "டீ காவாலண்டா?" என்று கேட்டாள்.

"பாத்தீயளாக்கா? நாங்க திருநவேலி பேசுதோம், இவ விஜயவாடா பேசுதா" என்றாள் நஸீமா.

இரவுச் சாப்பாட்டின்போது அவளுக்கு ஒரு போன் வந்தது. பேசிவிட்டுத் திரும்பியவளின் முகம் மாறியிருந்தது. "ஒருத்தர் கிடைச்சிருக்காரு. லாலாகுடால இருக்காரு. இன்னும் ஒரு மாத்திரைகூடப் போடல" என்றாள். யாருக்கோ நோய் வந்ததைக் கேட்டு ஒருத்தி சந்தோஷப்படுகிறாளே என்று எனக்குத் தோன்றியது. அவளுக்கும் தோன்றியிருக்க வேண்டும். சோற்றைப் பிசைந்தபடி, "அல்லாஹ் மன்னிக்கணும்" என்றாள்.

*

மறுநாள் காலை ஆய்வுக்கூடம். வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம்தான். பெரிய கருவிகளை எதிர்பார்த்துப் போனேன். ஒரு நீண்ட மேசை, துணி துவைக்கும் இயந்திரம் போல் சுழலும் ஒரு பெட்டி, உடல் சூட்டிலேயே வைத்திருக்கும் ஓர் அலமாரி, ஒரு மைக்ராஸ்கோப். சுவரில் ஒரு நகைக்கடை காலண்டர்.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். உடலின் காவல் இரண்டு விதம். ஒன்று பிறவியிலேயே இருப்பது. கிருமி எது என்று துல்லியமாகத் தெரியாது, ஆனால் சில மணி நேரத்தில் பாயும். இன்னொன்று கற்றுக்கொள்வது. டி செல்கள் இந்த இரண்டாவது படை. ஒவ்வொரு டி செல்லுக்கும் ஒரே ஓர் அடையாளம்தான் தெரியும். அந்த அடையாளத்தை, அதாவது கிருமியின் புரதத் துண்டு ஒன்றை, வேறொரு செல் எடுத்து வந்து காட்ட வேண்டும். பார்த்த பிறகு பெருகிப் போருக்கு வர நாட்கள் ஆகும். ஆனால் மறக்காது.

இரண்டிலும் சேராத டி செல்கள் சில உண்டு. நஸீமாவுடையவை காமா-டெல்டா என்ற வகை. பிறப்பில் டி செல். ஆனால் புரதத் துண்டுக்காகக் காத்திருப்பதில்லை. காசநோய்க் கிருமி தன் பிழைப்புக்காகத் தயாரிக்கும் ஒரு சின்ன ரசாயனத்தின் வாடை பட்டாலே எழுந்துவிடும். முன்பு அந்த நோய் வராத ஆளிடமும் எழும். அந்த ரசாயனத்தை அவற்றுக்கு யார் காட்டுகிறார்கள் என்பது இன்னும் தெரியாது.

"அது மட்டும்னா நான் இவ்வளவு மெனக்கெட மாட்டேன்" என்றாள். "எழுந்த பெறவு, இது கிருமியோட துண்டை தானே எடுத்து, மத்த டி செல்லுக்குக் காட்டுதுன்னு சொல்லுதாங்க. முதல் படையில நின்னுக்கிட்டே ரெண்டாம் படைக்குப் பாடம் எடுக்குது."

"எங்க தொழில்ல சொன்னா, தீ விபத்துக்கு முதல்ல ஓடுற நிருபரே சாயந்தரம் தலையங்கமும் எழுதுற மாதிரி."

"அப்படியே அச்சடிச்சிராதீங்கக்கா. எங்க டைரக்டர் தமிழ் வாசிப்பாரு."

எலியில் செய்து பார்க்க முடியாதா என்று கேட்டேன். இந்த ரசாயனத்துக்கு எழும் செல் எலியிடம் இல்லை, மனிதனிடமும் குரங்கிடமும்தான் உண்டு என்றாள். காசநோயாளியின் உடலில் இந்தச் செல்கள் களைத்துப்போயிருக்கின்றனவா, களைத்தவை பாடம் எடுக்குமா என்பதே அவள் கேள்வி. மருந்து தொடங்கிவிட்டால் உடலுக்குள் நிலைமை மாறிவிடும். அதனால் முதல் மாத்திரைக்கு முந்திய ரத்தம் வேண்டும். எந்த டாக்டரும் நோய் உறுதியானபின் மாத்திரையைத் தள்ளிப்போட மாட்டார், போடவும் கூடாது. இரண்டு வருடத்தில் சிலரே கிடைத்திருந்தார்கள். இன்னும் ஒருவர் இருந்தால்தான் முடிவு என்று எதையாவது சொல்லலாம். அவளுடைய வேலை ஒப்பந்தம் வரும் மார்ச்சில் முடிகிறது.

மாலையில் லாலாகுடாவுக்குப் போனோம். ஷேர் ஆட்டோவில் டிரைவருக்கு இரண்டு பக்கமும் ஆள். ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் ஹேண்டில்பாரைப் பக்கத்து ஆளின் முழங்காலைக் கேட்டுத்தான் திருப்பினார்.

ரயில்வே குவார்ட்டர்ஸ் வரிசை. ஒர்க்‌ஷாப் முடிந்து சைக்கிள்கள் திரும்பிக்கொண்டிருந்தன. அந்த நோயாளி, டேவிட், வாசலில் நாற்காலி போட்டு, வாயில் துண்டைப் பொத்தியபடி உட்கார்ந்திருந்தார். எங்களுக்குக் காற்று வரும் பக்கத்தில் நாற்காலி போடச் சொன்னார். நாற்பது வயது ஃபிட்டர். தாத்தா அரக்கோணத்திலிருந்து வேலைக்கு வந்தவர். மனைவி ஸ்டெல்லா சொட்டு மருந்து முகாம்களுக்குத் தன்னார்வமாகப் போகிறவர்.

"கைக்கு மேடம், எதுக்கு இவ்ளோ ரத்தம்?" என்றார் டேவிட், ஊர் உருது கலந்த தமிழில். "சளியக் குடுத்தேன், போட்டோ புடிச்சாங்க, நோய் இருக்குன்னாங்க. இன்னும் இன்னா பாக்கணும்?"

நஸீமா மெதுவாகச் சொன்னாள். இதனால் அவருக்கு நேரடியாக எந்தப் பயனும் இல்லை, மறுத்தாலும் அவர் சிகிச்சையில் எதுவும் மாறாது என்பதை இரண்டு தடவை சொன்னாள்.

"எனக்குப் பிரயோசனம் இல்ல. உங்களுக்கு?"

"இருக்கு."

"ஹவ், சரி. அது சொன்னீங்க பாருங்க, அது நல்லாருக்கு. எடுத்துக்கங்க."

"காசு எதும் கேக்காதய்யா" என்றார் ஸ்டெல்லா.

"நக்கோ நக்கோ, காசு வேணாம். ஒர்க்‌ஷாப்லயே ரத்தம் உறிஞ்சிட்டுத்தான் அனுப்புறான். மிச்சத்த மேடத்துக்குக் குடுக்கறேன்." சிரித்து, இருமி, துண்டைத் திருப்பிப் பிடித்தார்.

காசநோய் மையத்து டாக்டர் போனில் சொன்ன ஏற்பாடு இது: நாளைக் காலை மையத்தில் நர்ஸ் ரத்தம் எடுப்பார். அதன் பிறகு டேவிட் முதல் மாத்திரையை விழுங்க வேண்டும். "பந்த் இருந்தாலும் இல்லேன்னாலும் நாளைக்கு மாத்திரை. உங்களுக்காக நிக்காதும்மா."

*

பந்த் அன்று காலை குகட்பள்ளி சாலையை நான் முதல் முறையாக முழு அகலத்தில் பார்த்தேன். ஒரு எருமை நடுவே நடந்து போனது. டீக்கடை ஷட்டர் முழங்கால் உயரத்துக்குத் திறந்திருந்தது. குனிந்து கையை நீட்டினால் உள்ளிருந்து ஒரு கை டீயும் உஸ்மானியா பிஸ்கட்டும் கொடுத்தது. முகம் கடைசி வரை தெரியவில்லை.

நஸீமா ஆய்வுக்கூடத்தில் எல்லாவற்றையும் தயாராக வைக்க வேண்டும். ரத்தம் எடுத்த சில மணி நேரத்துக்குள் வேலை தொடங்கிவிட வேண்டும். அவளுடைய ஊழியர்கள் யாரும் வர முடியாது. எனவே ரியாஸும் நானும் அவருடைய பைக்கில் கிளம்பினோம். நஸீமா ஒரு தெர்மாகோல் பெட்டியைக் கொடுத்தாள். நர்ஸிடம் போனில், "சிஸ்டர், சாதாரணச் சூடுலயே இருக்கட்டும், ஃபிரிட்ஜ் வேண்டாம்" என்று சொல்வது கேட்டது.

"மச்சான், வெரசலா வரணும். ஆனா விழுந்துராதீங்க."

"ரெண்டுல ஒண்ணு சொல்லு நஸீ."

போகும்போது சந்துகள் வழியாகப் போய்த் தப்பினோம். மையத்தில் நர்ஸ் பச்சை மூடிக் குழாய்களில் ரத்தம் எடுத்துத் தெர்மாகோல் பெட்டியில் வைத்தார். டேவிட் மறுபக்கம் பார்த்துக்கொண்டு ஒரு ஒர்க்‌ஷாப் கதை சொன்னார். அவருடைய மாத்திரைப் பெட்டி மேசைமேல் இருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து விழுங்குங்கள் என்று நர்ஸ் அவரை வீட்டுக்கு அனுப்பினார்.

அப்போது ரியாஸுக்கு நண்பர் ஒருவர் போன் செய்தார். பாலநகர் சந்திப்பில் வண்டிகளை நிறுத்தி டயரில் காற்றைப் பிடுங்குகிறார்களாம். வேறு வழி உண்டா என்று வெளியே நின்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். ஸ்டெல்லா பக்கத்திலிருந்த வீட்டுக்கு ஓடி, ஒரு நீலப் பெட்டியோடு திரும்பி மையத்துக்குள் போனார். நர்ஸ் அதற்குள் வேறொரு நோயாளியிடம் போயிருந்தார். சொட்டு மருந்து எடுத்துப்போகும் பெட்டி. கைப்பிடி உடைந்ததால் கழித்துவிட்டது. மாதா கோயில் திருவிழாவில் மோர் பாக்கெட் வைக்க உதவுகிறதாம்.

"தெர்மாகோல் டப்பாவ எட்டி ஒதைப்பான். இத எவனும் தொட மாட்டான்" என்று சொல்லி, பைக்கில் ஏறியிருந்த என் மடியில் மூடிய பெட்டியை வைத்தார். "டியூப்பெல்லாம் உள்ள பத்திரமா அடுக்கிட்டேன் மேடம்."

பாலநகரில் டயர்கள் எரிந்துகொண்டிருந்தன. பத்துப் பதினைந்து பேர். ஒருவர் எங்கள் முன்சக்கரத்துக்குக் குனிந்தார். இன்னொருவர் என் மடியைப் பார்த்து, "டேய், போலியோ டப்பாடா. விடு" என்றார் தெலுங்கில். குனிந்தவர் நிமிர்ந்தார். முகத்தில் புகைபடிந்த ஒரு பெரியவர் எரியும் டயரைக் கட்டையால் இழுத்து வழிவிட்டு, "குழந்தைங்க விஷயம், சீக்கிரம் போங்கம்மா" என்றார்.

கொஞ்ச தூரம் போனதும் ரியாஸ் சொன்னார்: "நான் பொய் சொல்லலக்கா. அவங்க கேக்கல."

நஸீமா ஆய்வுக்கூட வாசலிலேயே காத்திருந்தாள். நீலப் பெட்டியைக் கண்டதும் அவள் கை ஒரு கணம் நின்றது. மூடியைத் திறந்தாள். நாலு பக்கமும் உறைந்த ஐஸ் பாக்கெட்டுகள், நடுவில் சுத்தமான வெள்ளைத் துணியில் சுற்றிய குழாய்கள். மிக நேர்த்தியாக அடுக்கியிருந்தது. அந்தப் பெட்டியின் சுவர் கனமானது. வெளியே குளிர் துளியும் தெரியாது.

"அடக் கடவுளே" என்றார் ரியாஸ். நஸீமா குழாயைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

தடுப்பு மருந்து சூடுபட்டால் கெடும். அதனால் ஸ்டெல்லா கற்ற முதல் விதி, ஐஸ். இந்த ரத்தத்தில் இருப்பதோ உயிருள்ள செல்கள். குளிர்ந்தால் பிரித்தெடுக்கும்போது வேண்டாதவை வந்து கலக்கும், வேண்டியவை குறையும். இந்த மனிதரிடம் செல்கள் குறைவாகத் தெரிந்தால் அது நோயாலா, ஐஸாலா? சொல்ல முடியாது.

நஸீமா அழைத்தபோது, போனில் ஸ்டெல்லாவின் குரல் வெளியே கேட்டது. "கெட்டுப் போகக் கூடாதுன்னுதான் மேடம் வச்சேன். ஐயோ ஏசப்பா." பிறகு டேவிட் போனை வாங்கினார்.

"மேடம், அழாதீங்க."

"நான் அழலண்ணே."

"இவ அழுவுறா. கேளுங்க, நான் இன்னும் மாத்திரை போடல. இப்பதான் சாப்டுறேன். நாளைக்கு பந்த் இருக்காது. நாளைக்கு வந்து மறுபடி எடுங்க, அப்புறம் போட்டுக்கறேன். ஒரு நாள்ல இன்னா ஆயிடும்? மூணு மாசமா இருமிட்டுத்தானே இருக்கேன்."

நஸீமா உள்ளே சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். ரியாஸ் அவளைப் பார்த்தார். ஒரு நாளில் அந்த மனிதருக்கு அநேகமாக ஒன்றும் ஆகாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். கேட்க வேண்டியதில்லை, அவரே தருகிறார். 'சரிண்ணே' என்று ஒரு வார்த்தை போதும்.

"டேவிட் அண்ணே" என்றாள். "ஸ்டெல்லா அக்காவோட இப்பவே மையத்துக்குப் போங்க. மாத்திரையைப் போட்டுட்டு எனக்குப் போன் பண்ணுங்க. சிஸ்டர்ட்ட போனைக் குடுக்கணும்."

"அப்ப உங்க வேல?"

"அதை நான் பாத்துக்கிடுதேன்."

போனை வைத்ததும் கையுறை மாட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். அடர்த்தியான ஒரு திரவத்தின் மேல் ரத்தத்தை வழியவிட்டுச் சுழற்றினால், நடுவில் வெண்மேகம் போல் ஒரு வளையம் நிற்கும். அதில்தான் செல்கள். அன்று வளையம் மங்கி, விளிம்பு கலைந்திருந்தது. கிடைத்ததை எடுத்து, அந்த ரசாயனத்தோடு சேர்த்து அலமாரியில் வைத்தாள். நர்ஸின் போன் வந்தது. மாத்திரை உள்ளே போய்விட்டது.

*

நான்காம் நாள் ஊர் பழையபடி அலறியது. நாங்கள் ஆய்வுக்கூடத்துக்குப் போனபோது வாசல் படியில் ஸ்டெல்லா உட்கார்ந்திருந்தார், இரண்டு பஸ் மாறி வந்து. கையில் எவர்சில்வர் தூக்கில் பகாரா சோறும் தால்ச்சாவும். மன்னிப்பு கேட்க வந்திருந்தார். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல், "அவருக்கு ஒண்ணுக்கு ஆரஞ்சு கலரா போவுது மேடம். பயந்துட்டாரு" என்றார்.

நஸீமா இரண்டு நாளில் முதல் முறையாகச் சிரித்தாள். "அது மாத்திரையோட நிறம்க்கா. நல்லா உள்ள போயிருக்குன்னு அர்த்தம்."

பிறகு என்னைப் பார்த்தாள். இரவெல்லாம் யோசித்திருக்கிறாள் என்பது அவள் கேட்டபோதுதான் தெரிந்தது. "அக்கா, உங்களுக்குக் காசநோய் வந்திருக்கா?"

"இல்லை."

"ரத்தம் தருவீங்களா?"

ஏற்பாடு இதுதான். என் ரத்தத்தில் பாதி மேசைமேல் இருக்கும். மறுபாதி அதே நீலப் பெட்டியில், அதே ஐஸில், நேற்று நாங்கள் வழியில் இருந்த நேரம் முழுக்க இருக்கும். ஐஸ் எவ்வளவு கெடுக்கிறது என்பது என்னிடம் தெரிந்துவிட்டால், டேவிடிடம் காணும் குறைவில் ஐஸின் பங்கைக் கழித்துப் பார்க்கலாம். எங்கள் அலுவலகத்தில் பிழை வந்தால் அடுத்த இதழில் திருத்தம் போடுவோம். இவள் பிழையை அளக்கப் போகிறாள்.

"ஸ்டெல்லாக்கா, நேத்து எப்படி அடுக்குனீங்களோ, அச்சு அசலா அப்படியே அடுக்கணும்."

"தப்பா அடுக்கணுமா?"

"ஆமா. ஒண்ணுகூட மாறக் கூடாது. துணி எத்தனை சுத்து சுத்துனீங்க?"

ஸ்டெல்லா சந்தேகத்தோடு அவளைப் பார்த்தார். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஐஸ் பாக்கெட்டுகளைக் கேட்டார். அவர் அடுக்குவதை நஸீமாவும் ஊழியர் ஒருவரும் நானும் சுற்றி நின்று பார்த்தோம். "இப்புடி எல்லாரும் பாத்தா கை நடுங்குது" என்றார். நடுங்கவில்லை.

காத்திருந்த நேரத்தில் தால்ச்சா சாப்பிட்டோம். எலும்பும் பருப்பும் சுரைக்காயும் புளியும். எங்கள் ஊர் சாம்பாருக்கு அசைவப் பட்டதாரிப் படிப்பு கொடுத்த மாதிரி இருந்தது.

கிளம்பும் முன் டேவிடின் செல்களை மைக்ராஸ்கோப்பில் காட்டினாள். வெளிச்சமான வட்டத்தில் தனித்தனியாகச் சிதறிய மணிகள். ஓரத்தில் சில இடங்களில் மட்டும் ஏழெட்டு மணிகள் ஒட்டிக் கொத்தாக நின்றன. எழுந்த செல்கள் அப்படித்தான் கூடுமாம். ஸ்டெல்லாவும் பார்த்தார். ரொம்ப நேரம் கண்ணை எடுக்கவில்லை.

"இவரு ஆளே இப்படித்தான் மேடம்" என்றார். "நாலு பேரு கெடச்சா கூடி நின்னுடுவாரு."

*

சென்னை திரும்பி, கட்டுரையின் கடைசிப் பத்தியைக் காலியாக விட்டு வைத்திருந்தேன். அடுத்த வாரம் நஸீமா அழைத்தாள்.

என் ரத்தத்தின் குளிர்ந்த பாதியில் செல்கள் குறைந்திருந்தன, ஆனால் கிடைத்தவை எழுந்தன. டேவிடிடம் காணும் குறைவு அதைவிட அதிகம். ஐஸைக் கழித்த பிறகும் மிச்சம் இருக்கிறது. அவருடைய செல்கள் களைத்திருந்தன என்று, அடிக்குறிப்போடு, எழுதலாம். களைத்தவை மற்ற டி செல்களுக்குப் பாடம் எடுக்குமா என்ற அடுத்த கேள்விக்குத்தான் அவரிடம் கிடைத்த செல்கள் போதவில்லை. அதற்கு இன்னொருவர் வேண்டும்.

"மார்ச்சுக்குள்ள கிடைப்பாரா?"

"அதை எப்படிக்கா துஆ கேக்கது? ஒருத்தருக்கும் வரக் கூடாதுன்னுதான் கேக்கேன். வந்தா முதல் நாளே தெரியணும்னும் கேக்கேன்."

டேவிட் எப்படி இருக்கிறார் என்றேன். இருமல் பாதி நின்றுவிட்டது, மாத்திரையைத் தவறவிடுவதில்லை என்றாள். அடுத்த ஆள் எப்போது கிடைத்தாலும் ரத்தத்தைத் தானே கொண்டுவருவதாக ஸ்டெல்லா சொல்லியிருக்கிறாராம். அந்த நீலப் பெட்டியை இனி மோருக்குக்கூடத் தருவதில்லையாம். நேற்று அதைக் கொண்டுவந்து காட்டினாராம். மூடியின் மேல் ஒர்க்‌ஷாப் சிவப்புப் பெயின்டில், டேவிடின் கையெழுத்தில், பெரிதாக எழுதியிருக்கிறதாம்: ஐஸ் நக்கோ.